அவருக்குச் சொல்லுங்க

2024 ஜனவரி 22, திங்கள்

விடியப் பிடித்த மழை இன்னும் விடவில்லை. செங்கலடி ஸ்டூடியோவின் கூரை மூன்று இடத்தில் ஒழுகுகிறது. ஒரு சாமத்திய வீட்டு வீடியோவை வெட்டிக்கொண்டிருந்தேன் – பெரியவளான பிள்ளைக்கு ஏழாவது உடுப்பு, நான்காவது பாட்டு – அப்போது கொழும்பிலிருந்து அழைப்பு. ஜெயராஜா. சேனல் ஒன்றில் நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பான ஆள்.

"சுலோஜனா, கிழக்கில இருந்து எங்களுக்கு ஒரு ரியாலிட்டி ஷோ வேணும். மாமியார், மருமகள். ஒரே வீட்டில இருக்கிற ஜோடிகள். சண்டை, அழுகை, சமாதானம். பத்துப் பகுதி. ஆட்களைத் தேடி ஒரு மாதிரி எடுத்து அனுப்புங்க."

நான் ஒன்றைத்தான் கேட்டேன். "தயாரிப்பு எண்டு ஆர்ர பேர் போகும்?"

"பாப்பம்" என்றார்.

இந்தப் "பாப்பம்" எனக்குப் பழக்கமான ஆள். பதினொரு வருடம் கொழும்பில் இன்னொரு சேனலில் இருந்தேன். கிராமத்துப் பிள்ளைகளைப் பாட வைக்கும் போட்டி என் யோசனை. ஊர் ஊராய் அலைந்து பிள்ளைகளைத் தேடியதும் நான். திரையில் தயாரிப்பு என்று வேறொருவரின் பெயர் போனது. என்னுடையது கடைசியில், "உதவி" என்ற வரிசையில், கண்ணில் படுவதற்குள் ஓடிப் போய்விடும். அதற்குப் பிறகுதான் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்கு வந்து, வாவிக்கு மேற்கே பொழுது படும் எங்கள் படுவான்கரையின் பெயரில் படுவான் புரொடக்ஷன்ஸைத் தொடங்கினேன். ஆட்கள் மூன்று பேர். நான், கமராவுக்கு என் கணவர் டினேஷ், எடிட்டிங்குக்கு ஏறாவூர் பரீனா. பரீனா பங்காளியும்கூட. "படுவான்கரையாள் நீ பேர் வெச்சிட்டாய், எழுவான்கரையாள் நான் பேசாம இரிக்கன்" என்று மாதம் ஒருமுறை குத்திக் காட்டுவாள்.

இந்த முறை நிகழ்ச்சி என்னுடையதாக இருக்க வேண்டும். என் பெயர் முன்னால் போக வேண்டும். எழுதி வைக்கிறேன், பிறகு மறந்து போனேன் என்று எனக்கு நானே கதை விடக்கூடாது.

பெப்ரவரி 3, சனி

நோட்டீஸ் அடித்தாயிற்று. "ஒரே வீட்டில் ஒன்றாக வாழும் மாமி – மருமக்கள் ஜோடிகள் தேவை." மாமியார் என்று இங்கே யாரும் சொல்வதில்லை, அதனால் மாமி. இரண்டு மூன்று மருமகள்மார் உள்ள வீட்டுக்காரரும் வரட்டுமே என்று மருமக்கள். ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ செங்கலடிச் சந்தையில் தொடங்கி வந்தாறுமூலை, வாகரை, கதிரவெளி வரை போய் வந்தது. கொக்கட்டிச்சோலைப் பக்கம் நாளைக்கு.

நல்ல நோட்டீஸ். எனக்கே திருப்தி.

பெப்ரவரி 17, சனி

நல்ல நோட்டீஸாம்! என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும்.

எட்டரைக்கு, சோடிகளைத் தெரிவு செய்யும் மண்டபத்துக்குப் போனால் வாசல் முழுக்க ஆம்பிளைகள். மனைவிமாரை மோட்டார் சைக்கிளில் ஏற்றி வந்தவர்களாக்கும் என்று நினைத்தேன். பதிவு மேசையில் இருந்த பரீனா கையைக் காட்டிக் கூப்பிட்டாள். "சுலோ, நாப்பத்திமூணு சோடி வந்திரிக்கி. முப்பத்தொம்பது சோடி மாமியும் மருமகனும்."

வரிசையில் முன்னால் நின்ற அம்மாவிடம் போனேன். ஆச்சிப்பிள்ளை, கதிரவெளி. பக்கத்தில், ஆனால் பத்தடி தள்ளி, மருமகன் நிலோஜன். கடல் தொழில்.

"அம்மா, மருமகள் வரல்லையா?"

"மருமகள் அவட தாய்ர வீட்டில இரிக்கா. அவ என்னத்துக்கு என்ட வீட்டில இரிக்க? ஒரே வீட்டில இரிக்கிற மருமக்கள் எண்டுதானே புள்ள ஒலிபெருக்கில சொன்ன?"

ஐயோ. இந்த ஊரில் வீடு பொம்பிளைப் பிள்ளைக்கு. கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார். என் புருசனே நாங்கள் ஊருக்கு வந்த நாளிலிருந்து என் அம்மா கேதீஸ்வரியின் வீட்டில்தான் இருக்கிறார்! பதினொரு வருடக் கொழும்பு மூளை. இந்தியா நாடகங்களைப் பார்த்து எழுதிய நோட்டீஸ். ஊரில் ஒரே வீட்டில் மாமியோடு யார் இருக்கிறார் என்று என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

வந்தவர்களைத் திருப்பி அனுப்ப முகமில்லை. கதிரவெளியிலிருந்து பஸ் மாறி வந்திருக்கிறார்கள். சரி, இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தேங்காய்ச் சம்பல் செய்யுங்கள் என்றேன். டினேஷ் கமராவோடு முன்னால் நின்றார். ஆச்சிப்பிள்ளை மருமகனைத் திரும்பியும் பார்க்கவில்லை. டினேஷைப் பார்த்துச் சொன்னா:

"தம்பி, அவருக்குச் சொல்லுங்க, தேங்காய அடி வரைக்கும் திருவ வேணாம் எண்டு."

நிலோஜனும் கமராவைப் பார்த்தான். "அண்ணன், மாமிக்குச் சொல்லுங்க, எனக்குத் தெரியும் எண்டு."

"தெரிஞ்சா ஏன் இவ்வளவு உப்பு எண்டு கேளுங்க தம்பி."

"உப்பு அவதான் போட்ட எண்டு சொல்லுங்க."

டினேஷுக்குச் சிரிப்பில் கமரா ஆடியது. ஏன் நேரே கதைக்கக் கூடாது என்று கேட்டேன். ஆச்சிப்பிள்ளை வாயில் கை வைத்தா. "சீ! மருமகன்ட முகத்தப் பாத்துக் கதைக்கிறதா? மரியாதை இல்லையா?" ஏழு வருடம் ஒரே வீடு, ஒரே கிணறு. வீட்டில் இருவருக்கும் நடுவே மகள்தான் தூது. இங்கே மகள் இல்லை, கமரா இருந்தது.

பெப்ரவரி 18, ஞாயிறு

நேற்று எடுத்ததைப் போட்டுப் பார்த்தோம். பரீனா கதிரையிலிருந்து விழப் பார்த்தாள். முப்பத்தொன்பது சோடியில் முப்பது அப்படித்தான். "எங்கட வீட்டிலயும் மாப்பிள்ளதான் வந்திரிக்கிற" என்றாள். "உம்மா அவருக்குத் தேத்தண்ணி வேணுமா எண்டு என்னத்தான் கேப்பா. அவர் அடுத்த கதிரையிலதான் இரிப்பார்."

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. உலகத்தில் எல்லா ரியாலிட்டி ஷோவிலும் ஆட்களைத் தனி அறைக்குக் கூட்டிப் போய், கமராவைப் பார்த்து மனதில் உள்ளதைச் சொல்லுங்கள் என்று கெஞ்ச வேண்டும். நம் ஆட்கள் கெஞ்சாமலே கமராவோடுதான் கதைக்கிறார்கள். மற்றவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே!

உடனே சட்டத்தை எழுதினோம். ஏசலாம், சிரிக்கலாம், புகழலாம், எல்லாம் கமராவுக்குத்தான். மாமி மருமகனோடோ மருமகன் மாமியோடோ நேரே ஒரு சொல் கதைத்தால் போட்டியிலிருந்து வெளியே.

பெயர்: அவருக்குச் சொல்லுங்க.

சந்தோசத்தில் பரீனாவைக் கட்டிப் பிடித்தேன். தேத்தண்ணி கீபோட்டில் கொட்டியது. பரவாயில்லை.

பெப்ரவரி 27, செவ்வாய்

சம்பல் காட்சியை ஜெயராஜாவுக்கு அனுப்பி, சட்டத்தையும் ஆறுதலாக விளங்கப்படுத்தினேன். இன்றைக்கு அழைத்தார்.

"மருமகனா? யார் பாக்கிறது? எங்களுக்கு மருமகள் அழணும் சுலோஜனா. அதோட இந்தப் பேச்சு கொழும்பில விளங்காது. ஒன்று செய்வோம். கொழும்பு ஸ்டூடியோவில எடுப்போம், நடிக்கத் தெரிந்த ஆட்களைப் போடுவோம். நீங்க கிழக்கு மாகாண ஒருங்கிணைப்பாளர்."

ஒருங்கிணைப்பாளர்! என்ன, நான் பஸ்ஸில ஆள் ஏத்திற வேலைக்கா வந்த நான்? மழைக்குள்ள ஓட்டோ விட்டவள் நான், நாப்பத்திமூணு சோடியக் கண்டு பிடிச்சவள் நான், பேர் மட்டும் அவருக்கோ? வேணாம் எண்டு சொல்லி வெச்சிட்டன். நித்திரை வருதில்ல. பயமில்லை, கோவம்.

பெப்ரவரி 28, புதன்

கொஞ்சம் பயமும்தான்.

மார்ச் 9, சனி

நாமே எடுத்து யூடியூப்பில் போடுகிறோம். முடிவு. விளம்பரம் கேட்டு ஏழு கடை ஏறி இறங்கினேன். ஒருவர் "மாமிமார வெச்சிப் பகிடியா?" என்று முகத்தைத் திருப்பினார். எட்டாவதாகக் கொக்கட்டிச்சோலையில் அரிசி ஆலை வைத்திருக்கும் கந்தப்போடி. கடுகடுத்த மனிதர். கணக்குப்பிள்ளையையே பார்த்து உறுமுவார். முழுக்கக் கேட்டார். சிரிக்கவேயில்லை. நான் சொன்னதெல்லாம் வீண் என்று எழும்பப் போனேன்.

"இரி புள்ள" என்றார். "நானும் முப்பது வருசமா மாமி வீட்டுச் சோறுதான். அவ செத்த நாள்ளதான் அவட முகத்த வடிவா நேர பாத்த நான்." கணக்குப் புத்தகத்தை மூடினார். "பத்துப் பகுதிக்கும் என்ட ஆலைதான். ஆனா என்னக் கமராவுக்கு முன்னால கூப்புடப்படா."

வெளியே வந்து மோட்டார் சைக்கிளில் ஏறியதும் டினேஷின் முதுகில் ஓங்கி ஒரு அடி அடித்தேன், சந்தோசத்தில். "அவவுக்குச் சொல்லுங்க, நோகுது எண்டு" என்றார்.

ஏப்ரல் 20, சனி

வருடப் பிறப்பு முடிந்த கையோடு படப்பிடிப்பு. வாவிக்கரையில் ஒரு பெரிய வளவு, எட்டுச் சோடி. சாப்பாடு அம்மா பொறுப்பு. இருபது பேருக்குச் சமைத்துக்கொண்டே "ஊர் சிரிக்கப் போகுது" என்று அகப்பையால் சட்டியைத் தட்டுகிறா. ஆனால் ஒவ்வொரு போட்டியையும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கத் தவறுவதில்லை.

இன்றைக்குப் போட்டி: மாமியை மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் சந்தைக்குப் போய்ச் சாமான் வாங்கி வருவது. எட்டு மாமிமாரும் ஏற மறுத்துவிட்டார்கள். மருமகனுக்குப் பின்னால் முட்டிக்கொண்டு இருப்பதா? அரை மணி நேரம் வெயிலில் நின்றோம். கடைசியில் ஆச்சிப்பிள்ளை ஒரு வழி கண்டு பிடித்தா. கந்தப்போடி ஆலையின் அரிசி மூட்டையை நடுவில் வைத்து, அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஏறினா. மற்ற ஏழு பேரும் மூட்டை கேட்டார்கள். எட்டு மோட்டார் சைக்கிள், எட்டு மூட்டை, ஆலையின் பெயர் பெரிதாகத் தெரிய வரிசையாகப் போகிறது. விளம்பரத்தை இதைவிட நன்றாக யாராலும் எடுக்க ஒண்ணாது!

மே 19, ஞாயிறு

முதல் பகுதி போட்டாயிற்று. பின்னேரம் வரை நானூற்றுப் பத்துப் பேர். அதில் பாதி எங்கள் சொந்தக்காரர்.

ஜூன் 5, புதன்

மூட்டைப் பகுதி பறக்கிறது! தோகாவில் வேலை செய்யும் பொடியன்கள் அறையில் கூட்டமாய் இருந்து பார்க்கும் வீடியோவை அனுப்பியிருக்கிறார்கள். ரொறன்ரோவிலிருந்து ஒரு அண்ணன், தன் மாமியோடு பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாகச் சேர்ந்திருந்து சிரித்ததாக எழுதியிருக்கிறார். செங்கலடிச் சந்தியில் மீன்காரர் என்னைப் பார்க்காமல் பரீனாவைப் பார்த்து, "அவவுக்குச் சொல்லுங்க, இண்டைக்கு நண்டு நல்லம் எண்டு" என்றார். சந்தை முழுக்கச் சிரித்தது. நண்டு வாங்காமல் வர முடியவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

ஜெயராஜாவின் சேனலில் விளம்பரம் ஓடுகிறது. "மாமியார் எதிர் மருமகன்." அடுத்த மாதம் பதினாலாம் தேதி முதல். கொழும்பு ஸ்டூடியோ, மினுக்கும் வெளிச்சம், நடிகர்கள். அரிசி மூட்டைகூட இருக்கிறது.

திரும்பவும் ஏமாந்திட்டன். நானே அனுப்பின நான், நானே விளங்கப்படுத்தின நான். தொலைபேசியில எல்லாத்தையும் ஓதி வெச்சிட்டு, ஒரு கடிதம் எழுதி வாங்கத் தெரியாத மடைச்சி. இனி ஆரும் எங்கட பேரையா சொல்லப் போறாங்க? பெரிய சேனல் எடுத்தா அது அவங்கட. நாங்கதான் அவங்களப் பாத்துக் கொப்பியடிச்ச மாதிரி ஆகும்.

டினேஷ் பக்கத்தில் வந்து இருந்தார். பரீனா மட்டும் விளம்பரத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். "அழாத சுலோ. வடிவாப் பார். அந்த மாமி மருமகன்ட முகத்தப் பாத்து ஏசுறா. அவங்களுக்கு விளங்கவேயில்ல."

எனக்கு ஆறுதல் வரவில்லை.

ஜூலை 6, சனி

வளவிலிருந்து வந்த கையோடு எழுதுகிறேன்.

அரையிறுதி. வாவியில் தோணிப் போட்டி. மருமகன்மார் வலையை இழுத்து மீனோடு கரைக்கு வர வேண்டும். மாமிமார் கரையில் நின்று கமராவுக்குச் சொல்ல, நம் ஆட்கள் ஒலிபெருக்கியில் தோணிக்குச் சொல்வார்கள். ஆச்சிப்பிள்ளையும் நிலோஜனும்தான் முன்னால். வெல்வார்கள் என்று எல்லோரும் நினைத்தோம். நிலோஜன் குனிந்து வலையை இழுத்துவிட்டு நிமிர்கிறான். பின்னால் வந்த தோணிக்காரன் நிலை தடுமாறித் தோணி தள்ளும் நீண்ட கம்பைச் சுழற்றிவிட்டான். நேரே இவன் தலைக்கு.

"மனே! குனி மனே!"

ஆச்சிப்பிள்ளையின் குரல். கமராவுக்கு இல்லை, அவனுக்கு. பெற்ற பிள்ளையைக் கூப்பிடுகிற சொல். முழங்கால் தண்ணீருக்குள் இறங்கி நின்று கத்துகிறா. அவன் குனிந்தான். கம்பு மயிரளவில் மேலால் போனது.

பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நேரே கதைத்தால் வெளியே. சட்டம் என்னுடையது.

"இத விட்டுடுவம் சுலோ" என்றார் டினேஷ். பரீனா தலையைக் குனிந்துகொண்டாள். விட்டுவிடலாம் என்றுதான் எனக்கும் இருந்தது. சனத்துக்குப் பிடித்த சோடி, இவர்கள் போனால் இறுதிப் போட்டியை யார் பார்ப்பது? அங்கே கொழும்பில் அடுத்த கிழமை அவர்களின் முதல் பகுதி.

முடிவு சொன்னது ஆச்சிப்பிள்ளை. கரையேறி, சேலையைப் பிழிந்து, டினேஷின் கமராவைப் பார்த்தா. "தம்பி, சட்டம் போட்ட புள்ளைக்குச் சொல்லுங்க, நான் கதைச்சிட்டன், சட்டம் சட்டந்தான் எண்டு. மறுகா அவருக்கும் சொல்லுங்க, தலையத் தடவிப் பாக்கச் சொல்லி."

நிலோஜன் தோணியில் நின்றபடி கமராவைப் பார்த்தான். "அண்ணன், மாமிக்குச் சொல்லுங்க –" என்று தொடங்கினான். முகத்தை இடுப்புச் சாரத்தால் மூடிக்கொண்டு அழுதான்.

நானும் அழுதேன். அழுதுகொண்டே அவர்களை வெளியே அனுப்பினேன். வேலிக்கு அந்தப் பக்கம் அம்மா என்னை ஏசும் சத்தம் கேட்டது.

ஜூலை 14, ஞாயிறு

இரண்டும் ஒரே நாள், ஒரே நேரம். அவர்களின் முதல் பகுதியும் எங்கள் தோணிப் பகுதியும். நான் பார்க்கவில்லை. குசினியில் வெங்காயம் உரித்தேன், தேவையில்லாமல், ஒரு கிலோ.

ஜூலை 15, திங்கள்

எங்கள் தோணிப் பகுதியை ஒரு இரவில் பார்த்தவர்கள் பத்து லட்சம்! பத்து லட்சம்!

சேனலின் நிகழ்ச்சிக்குக் கீழே நம் சனம் எழுதியிருப்பதைப் பரீனா சத்தமாக வாசித்தாள். "இது எந்த ஊர் மாமி?" "மருமகனுக்கு முன்னால இப்பிடியா நிக்கிற?" "ஏசுறதுக்கு முதல் முக்காட்டப் போடச் சொல்லுங்க." ஒருவர் எழுதியது: "முதல் நிமிசத்திலயே நேர கதைச்சாச்சி. இனி இவங்களுக்கிட்ட என்ன இரிக்கி?"

அதுதான். அந்த ஒரே ஒரு "மனே"க்கு எட்டுக் கிழமை பேசாமல் இருக்க வேண்டும். அதை அவர்களால் எடுக்க ஒண்ணாது. தொலைபேசியில் நான் எவ்வளவு ஓதியிருந்தாலும் ஒண்ணாது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

நான்கே பகுதியோடு அதை நிறுத்திவிட்டார்கள். அந்த நேரத்துக்கு இப்போது பழைய படம் போகிறது.

கந்தப்போடி ஆலையிலிருந்து ஒரு மூட்டை அரிசி வந்திருக்கிறது. கடிதம் ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 5, வியாழன்

ஜெயராஜா செங்கலடிக்கு வந்தார். தானே வந்தார்! பதுளை வீதிப் புழுதியில் வெள்ளைச் சப்பாத்து. எங்கள் ஸ்டூடியோவின் ஒழுகும் கூரையை அண்ணாந்து பார்த்து, கதிரையை இரண்டு தரம் இழுத்துப் போட்டு, கடைசியில் சொன்னார்: "சுலோஜனா, நடந்ததை மறப்போம். உங்கட பத்துப் பகுதியையும் போடுறோம். இன்னொரு பத்துப் பகுதியும் எடுங்க."

அவரைப் பார்த்தால் எனக்குக் கோபத்தில் வார்த்தை வராது என்று தெரியும். பரீனாவைப் பார்த்தேன்.

"பரீனா, அவருக்குச் சொல்லுங்க, உரிமை எங்கட கம்பனிக்கு எண்டு."

பரீனா சிரிக்காமல் திரும்பினாள். "சேர், உரிமை எங்கட கம்பனிக்காம்."

"படப்பிடிப்பு இஞ்சதான் எண்டு சொல்லுங்க. எங்கட ஆட்கள்ர பேச்சில ஒரு சொல்லும் மாத்தப்படா எண்டும் சொல்லுங்க. தயாரிப்பு எண்டு என்ட பேர் தொடக்கத்தில, தனியா, மூணு செக்கன் அசையாம நிக்க வேணும் எண்டு சொல்லுங்க."

ஜெயராஜா என்னைப் பார்த்தார், பரீனாவைப் பார்த்தார், மூலையில் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்ற டினேஷைப் பார்த்தார். "பாப்பம்" என்றார்.

"அவருக்குச் சொல்லுங்க, ஒப்பந்தத்தில பாப்பம் எண்டு ஒரு சொல்லில்ல எண்டு."

கையெழுத்து வைக்க நாற்பது நிமிடம் எடுத்தது. கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போன பிறகுதான் மூன்று பேரும் வாய்விட்டுச் சிரித்தோம். எனக்கு வயிறு நொந்தது.

2025 பெப்ரவரி 2, ஞாயிறு

ஏழரைக்கு முதல் ஒளிபரப்பு. கொக்கட்டிச்சோலையில் அம்மாவின் வீட்டில் முப்பது பேர். பரீனா குடும்பத்தோடு வந்தாள். கந்தப்போடி கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். கதிரவெளியிலிருந்து ஆச்சிப்பிள்ளை புதுச் சேலையில் வந்து முன் கதிரையில் இருந்தா. நிலோஜன் வாசல் பக்கம்.

விளம்பரங்கள் முடிந்தன. திரை கறுப்பானது. பிறகு வெள்ளை எழுத்தில், தனியாக:

தயாரிப்பு
சுலோஜனா டினேஷ்

பதினைந்து வருடம் காத்திருந்த பெயர். அசையாமல் நிற்கிறது. ஒன்று. இரண்டு. டினேஷ் என் கையைப் பிடித்தார்.

"இந்த எழுத்து என்னத்துக்கு இவ்வளவு நேரம் நிக்கிது?" என்றா ஆச்சிப்பிள்ளை, பொறுமையில்லாமல். "ஆருக்கு வேணும் இது? கெதியா எங்களப் போடச் சொல்லு புள்ள!"

வீடு முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பில் மூன்றாவது செக்கன் போனதை நான் பார்க்கவில்லை. எனக்கும் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பு வந்தது. அதற்குள் திரையில் தேங்காய் திருவத் தொடங்கிவிட்டார்கள். ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினேன்.